ஹெட்போன் பெட்டி வாங்குமுன் டெஸ்டரை எடுங்கள்

போன ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கும்பகோணத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். கையில் புத்தம்புது டெஸ்க்டாப் டாக்-ஆம்ப், அதாவது கம்ப்யூட்டருக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்டும் பெட்டி. “அண்ணே, பாட்ட நிறுத்தினாலும் உர்ருன்னு ஒரு சத்தம் நிக்கவே மாட்டேங்குது. திருப்பி அனுப்பி வேற பீஸ் வாங்கினேன், அதுலயும் இதே கதைதான்” என்றார். என் மேசையில் மாட்டிப் பார்த்தால் பெட்டி கப்சிப். சாமி சத்தியமாக ஒரு இரைச்சலும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் கோயில் மைக்செட் வேலைக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் ஒரு நடை போனேன். டாக்கின் அலுமினிய உடம்பில் டெஸ்டரை வைத்ததும் உள்ளே நியான் எரிந்தது. கம்ப்யூட்டர் கேபினெட்டில் வைத்தேன், அங்கும் எரிந்தது. சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்று ஓட்டை பிளக்கில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு வயரே வரவில்லை. பச்சை வயரைப் பைப்புக்குள்ளேயே வெட்டி மடித்து விட்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் கரண்ட் வரும் இரண்டு வயருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு சின்ன கண்டன்சர்கள் இருக்கும். இரைச்சலை வடிகட்டி எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் தள்ளுவதற்கு இடம் ஏது? கேபினெட் 230 வோல்ட்டில் பாதியைச் சுமந்துகொண்டு நிற்கும். கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் ஆளைத் தூக்கிப் போடாது, ஆனால் கை பட்டால் சுர்ரென்று இழுக்கும். அதே கரண்ட் யூஎஸ்பி வயரின் மேல் உறை வழியாக டாக்குக்கு வருகிறது. இந்தத் தம்பி வீட்டில் டாக்கின் பின்னாலிருந்து ஒரு ஆர்சிஏ ஆடியோ வயர் ஹோம் தியேட்டருக்குப் போயிருந்தது. அதற்குப் பின்னால் கேபிள் டிவி வயர். பாவம், அந்தக் கரண்டுக்கு எங்கேயோ ஒரு தெருக்கம்பத்தில் எர்த் கிடைத்துவிட்டது. டாக் வழியாகவே ஓடிப் போய் இறங்கிக்கொண்டிருந்தது. உர்ர் என்று கேட்டது அந்த ஓட்டம்தான். கேபிள் டிவி வயரைப் பிடுங்கினேன், அடங்கிவிட்டது.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் குழி போட்டு, வயர் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் இ.எல்.சி.பி.யும் மாட்டச் சொன்னேன். நம் களிமண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, எர்த் நன்றாகப் பிடிக்கும். சித்திரையில் மண் வெடிக்கும்போது மட்டும் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சத்தத்தைப் போக்க எர்த் பின்னை ஒடித்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். காதில் மாட்டும் சாமானுக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

இதை முதலில் சொல்லக் காரணம், “டாக் கெட்டுப்போச்சு” என்று என் மேசைக்கு வருகிற பெட்டிகளில் நல்ல பெட்டிகளே அதிகம்.

அடுத்த கேள்வி, பெட்டி உங்களுக்குத் தேவையா என்பது. கம்ப்யூட்டரில் பாட்டு எண்களாக இருக்கிறது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது டாக். அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்போனைத் தள்ளும் தெம்பு கொடுப்பது ஆம்ப். ஹெட்போன் ஓட்டை வைத்த எல்லா லேப்டாப்பிலும் இரண்டும் ஏற்கெனவே உண்டு. ஓட்டையில்லாத போன்களுக்கு ஆப்பிள் விற்கும் விரலளவு டாங்கிளிலும் உண்டு. அது சுமார் 1 வோல்ட் கொடுக்கும். சாதாரண 32 ஓம் ஹெட்போனுக்கு அது போதும் (ஓம் என்பது மின்தடையின் அளவு). ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் அதன் சத்தம் குறைவாக வரும் என்பது ஒரு குறை, கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

சிப் நம்பரைப் பார்த்து டாக் வாங்குகிறவர்களுக்கு ஒரு கதை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் அசாஹி கசேய் கம்பெனியின் சிப் தொழிற்சாலை எரிந்தது. டாக் செய்கிறவர்களில் பல பேர் அவர்கள் சிப்பை நம்பியிருந்தார்கள். என்ன செய்வது? சிலர் இஎஸ்எஸ் என்ற இன்னொரு கம்பெனியின் சிப்புக்கு மாறினார்கள். ஃபியோ கம்பெனியின் கே5 ப்ரோ டாக்-ஆம்ப், பெயரில் இஎஸ்எஸ் என்று மட்டும் சேர்த்து, அதே உடம்பில் வேறு சிப்போடு வந்தது. சிப் மாறியதை அட்டைப் பெட்டியைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு, காதால் கண்டுபிடித்தேன் என்று நிரூபித்தவரை நான் பார்த்ததில்லை. 1982-ல் வந்த சிடியின் 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் கணக்கே மனிதக் காதுக்குத் தாராளம். இன்று மலிவான டாக்கும் அதைத் தாண்டித்தான் செய்கிறது.

ஆம்ப் அப்படியில்லை. இங்கே கணக்குப் போட்டே தீர வேண்டும்.

நாகஸ்வரம் படிக்கும் ஒரு பையன் ஸ்டூடியோக்காரர்களைப் பார்த்து பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாடலை வாங்கிவிட்டான். லேப்டாப்பில் மாட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்றான். அதன் அட்டையில் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று போட்டிருக்கும். மில்லிவாட் என்பது கொடுக்கும் தெம்பு, டெசிபல் என்பது வரும் சத்தம். டாங்கிளின் 1 வோல்ட்டை 250 ஓமில் கொடுத்தால் 4 மில்லிவாட். 4 மடங்கு என்றால் 6 டெசிபல் கூட, ஆக உச்சம் 102. சினிமாப் பாட்டுக்கு இது போதும், அதை எப்போதும் உச்சத்திலேயே பதிவு செய்கிறார்கள். கச்சேரிப் பதிவு அப்படியா? ஆலாபனை மெதுவாகத் தொடங்கி, தவில் தனி வரும்போதுதான் உச்சம் தொடும். அதற்கு 110 டெசிபல் வரை இடம் விட்டால் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் வேண்டும். இந்தப் பையனுக்கு ஆம்ப் நிஜமாகவே தேவை. வாங்கச் சொன்னேன்.

ஓம் அதிகம் என்றால்தான் ஆம்ப் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். 32 ஓம் ஆனாலும் 1 மில்லிவாட்டுக்கு 90 டெசிபல்தான் தரும், தட்டையான சவ்வு வைத்த பிளானர் வகை ஹெட்போன்கள் உண்டு. அதே 110-ஐத் தொட அதற்கு 100 மில்லிவாட் வேண்டும். டாங்கிள் தருவதைப் போல மூன்று மடங்கு.

விளம்பரத்தில் 1 வாட், 2 வாட் என்று கொட்டை எழுத்தில் போடுவதற்கு மயங்கிவிட்டால் விபரீதம் வேறு பக்கம் வரும். 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தரும் இயர்போனை 1 வாட் ஆம்பில் மாட்டி, வால்யூம் முழுக்கத் திறந்து கிடந்தால் கணக்குப்படி 135. நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அனசுக்குள் காதை வைத்தாலும் அவ்வளவு வராது. அதனால் ஆம்பின் தெம்பைக் குறைக்கும் லோ கெயின் சுவிட்ச் இல்லாத பெட்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆன் செய்தபின் உள்ளே டிக் என்று ரிலே விழுந்து, அதற்குப் பிறகே சத்தம் வரும் பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ரிலே இல்லையென்றால் ஆன் செய்துவிட்டு அப்புறம் காதில் மாட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89-ல் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். திருவிழா முடிந்து காதுக்குள் குய்ங் என்று கேட்கும் ஆட்கள் நம் ஊரில் ஏராளம். அதற்கு மேல் ஹெட்போனிலும் கடன் வாங்க வேண்டாம்.

சத்தத்தைக் கூட்ட வைப்பது பல வீடுகளில் சீலிங் ஃபேன். நம் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திப் பாட்டுக் கேட்க முடியாது. அந்தக் காற்றுச் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றுகிறோம். பின்பக்கம் திறந்த ஹெட்போன்களை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் விரும்புகிறேன். ஏசி இல்லாத அறையில் அது காசுக்கு நஷ்டம். மூடிய வகையை வாங்குங்கள்.

கடையில் இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக இருப்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். அரை டெசிபல் போதும் ஏமாற. நான் 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, இரண்டின் அவுட்புட்டையும் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டில் சமமாக்கிவிட்டு, துண்டைப் போட்டு மூடி, வந்தவரைக் கேட்கச் சொல்வேன். சும்மா முந்நூறு ரூபாய் மீட்டருக்கும் அந்த அளவு தாழ்ந்த டோன் சரியாகத் தெரியும். சமமாக்கியபின் பேச்சு குறைந்துவிடுகிறது. ஒருவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுத் தோடியை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பைலாக வைத்திருந்தார். இசைத்தட்டில் இல்லாத மேல் சுரம் பைலில் எங்கிருந்து வரும்? ஊசி உரசும் சத்தம்தான் இன்னும் துல்லியமாகக் கேட்டது. தோடி அதற்கெல்லாம் அசையவில்லை என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஆம்ப் என்று ஒன்று வந்தது, ஆன் செய்த அன்றே போய்விட்டதாம். அடாப்டரை மோந்தேன், வார்னிஷ் கருகிய நாற்றம். அட்டையில் தெளிவாகவே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. மொபைல் சார்ஜர் எந்த ஊரிலும் ஓடுமே என்று நினைத்திருக்கிறார்கள். சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் அப்படி இருக்காது, அதுவும் சில ஆம்புகளுக்கு டிசி இல்லை, ஏசியே வேண்டும். கையில் கிடைத்த அடாப்டரைச் சொருகாதீர்கள். இங்கே புதிதாக வாங்கினால் ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இடி மின்னல் நாளில் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பல மாதம் சும்மா கிடந்த அடாப்டருக்குள் எறும்பு கூடு கட்டியதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

மன்னார்குடித் தம்பி தை மாதம் போன் செய்தார். டெஸ்டர் இப்போது எரிவதில்லையாம், பெட்டியும் சத்தமில்லாமல் பாடுகிறதாம். “அண்ணே, அடுத்து 4.4 பேலன்ஸ்ட் கேபிள் வாங்கலாமா?” என்றார். ஹெட்போனுக்கான வேறு வகை வயர் அது. பின்னால் கிடுகிடுவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் அந்த ஃபேனுக்குப் பேரிங் மாற்றுங்கள் தம்பி என்றேன்.