இன்கா பள்ளத்தாக்கில் ஒருநாள் சுற்றுலா: கடைசி ஊர்தான் மிக உயரமான ஊர்

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து காலையில் வேன் ஏறி, இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு அறைக்குத் திரும்பும் ஒருநாள் சுற்றுலா, நம்மவர்களின் தென்னமெரிக்கப் பயணத் திட்டங்களில் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. பயணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள். வயிற்றுப்போக்கு மாத்திரையைப் பற்றியும் கம்பளி உடையைப் பற்றியும் விரிவாகக் கேட்பவர்கள், உயரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பயண அட்டவணையில் ஊர்ப் பெயரும் நேரமும் இருக்கும், உயரம் இருக்காது. ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். தலைநகர் லிமாவோ கடற்கரை நகரம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறங்கிவிடலாம். அந்தக் குறுகிய நேரத்துக்குள், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. இதற்குப் பழக உடலுக்குச் சில நாட்கள் தேவை. உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோய், விமானத்திலிருந்து இறங்கிய உடனே வருவதுமில்லை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டுகிறது. அதனால்தான் முதல் நாள் மாலை ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்று ஊர் சுற்றியவர், இரவில் தலைவலியும் குமட்டலுமாகத் தூக்கமின்றிப் புரள்கிறார். மறுநாள் காலையில் சுற்றுலா வேன் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அந்த வேன் வழக்கமாகச் செல்லும் வழியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். குஸ்கோவிலிருந்து மேடேறி, பிறகு 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள பிசாக் ஊரின் பக்கம் இறங்குகிறது. இடிபாடுகள் ஊருக்கு மேலே மலைமுகட்டில் இருக்கின்றன. மதிய உணவு 2,870 மீட்டரில் உள்ள உருபாம்பாவில். அடுத்து வரும் ஒயந்தாய்தம்போ 2,800 மீட்டரை ஒட்டியது. அன்றைய நாளின் மிகத் தாழ்வான இடம் அதுதான். அதன் பிறகு, வெயில் சாய்ந்து குளிர் ஏறும் வேளையில், வயிறு நிறைந்து கால் களைத்திருக்கும் பயணிகளை 3,760 மீட்டரில் இருக்கும் சின்ச்செரோவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். சாலை வசதிப்படி இந்த வட்டம் சரியானதுதான். ஆனால் உடலின் கணக்குப்படி பார்த்தால், மிகக் கடினமான இடம் மிகக் களைத்த நேரத்தில் வருகிறது.

என்னிடம் சிகிச்சை பெறும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்தது இதுதான். காலையிலிருந்தே தலைவலி, வெயிலென்று நினைத்துக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார். சின்ச்செரோவில் கோச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுத்துக் காட்டிய நெசவுப் பெண்களின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வாந்தி வந்துவிட்டது. மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வழிகாட்டி சொல்ல, எல்லோரும் அதையே நம்பியிருக்கிறார்கள். உயரமான இடத்துக்கு வந்த புதிதில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலைநோயாகவே கருத வேண்டும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற விதி. தலைவலியோடு குமட்டலும் அசதியும் சேர்ந்தால் மேலும் ஏறக்கூடாது. அவருடைய சுற்றுலா ஒயந்தாய்தம்போவோடு நின்றிருக்க வேண்டும்.

வழிகாட்டிகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்களில் பலர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்டிஸ் மக்களின் இரத்தமும் நுரையீரலும் அந்தக் காற்றுக்கேற்ப அமைந்தவை. அவர்களுடைய நடைக்கு ஈடுகொடுக்க முயலக்கூடாது. ஒயந்தாய்தம்போவின் படிக்கட்டுத் தளங்களின் உச்சியில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மலைக் கற்சுரங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆறு பெரும் பாறைகளால் ஆன சுவர் நிற்கிறது. வழியிலேயே கைவிடப்பட்ட பாறைகளைக் ‘களைத்த கற்கள்’ என்று அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். 1537இல் இன்கா மன்னர் மான்கோ இன்கா ஸ்பானியப் படையைப் பின்வாங்கச் செய்ததும் இந்த ஊரில்தான். பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை. நான்கு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிப் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சிரமம் என்பதால் ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைப் பலர் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். குஸ்கோவில் நல்ல உடல்நிலை உள்ளவருக்கே அது 90க்குக் கீழே காட்டக்கூடும். சென்னையில் அந்த எண்ணைப் பார்த்தால் ஆம்புலன்சை அழைத்துவிடுவோம். எண்ணைவிட ஆளைப் பார்ப்பதே முக்கியம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா, இருமல் விடாமல் வருகிறதா, பேச்சில் குழப்பம் தெரிகிறதா, குதிகாலும் கால்விரலும் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரலிலோ மூளையிலோ நீர்கோர்க்கத் தொடங்கியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆக்சிஜன் கொடுத்து, தாழ்வான இடத்துக்கு இறக்கி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வேனில் ஆக்சிஜன் உருளை இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

என் பரிந்துரை எளிமையானது. குஸ்கோவில் விமானம் இறங்கியதும் அங்கே தங்காமல், சாலை வழியாக உருபாம்பாவுக்கோ ஒயந்தாய்தம்போவுக்கோ இறங்கி, முதல் இரண்டு இரவுகளைப் பள்ளத்தாக்கிலேயே கழிக்கலாம். அதுவும் முற்றிலும் பாதுகாப்பான உயரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குஸ்கோவைவிட அறுநூறு மீட்டர் வரை தாழ்வு. அங்கிருந்தபடியே பிசாக்கையும் ஒயந்தாய்தம்போவையும் பார்த்து, 2,430 மீட்டரில் உள்ள மாச்சு பிச்சுவுக்கு இரயிலில் போய்வந்து, மொராயின் வட்டப் படித்தளங்களையும் மராஸ் உப்புப் பாத்திகளையும் சின்ச்செரோவையும் குஸ்கோவுக்குத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொண்டால், உடல் பழகிய பிறகே உயரம் வரும். பயண நிறுவனங்கள் கேட்டால் இப்படி மாற்றித் தருகின்றன, நாம்தான் கேட்பதில்லை.

இவ்வாறு மாற்ற இயலாதவர்களுக்கு அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். பொதுவாக 125 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே தொடங்குகிறோம். விரல் நுனிகள் மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா ஒவ்வாமையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதல் சில நாட்களுக்கு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மதிய உணவு தாமதமாகும் என்பதை எதிர்பார்த்துக் கையில் ஏதேனும் வைத்திருக்க வேண்டும்.

விடுதிகளில் வரவேற்பாகத் தரப்படும் கோக்கா இலைத் தேநீர் அங்கே சட்டப்படியானது, மலைவாழ் மக்களின் பழம்பெரும் வழக்கமும்கூட. ஆனால் அது மலைநோய்க்கு மருந்தாகாது. அதைக் குடித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் கோக்கெய்ன் தடயம் தெரியக்கூடும் என்பதால், பணியிடத்தில் போதைப்பொருள் சோதனைக்கு உட்படும் கப்பல் ஊழியர்களும் வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் தவிர்த்துவிடுவதே நல்லது. இலையையோ தேநீர்ப் பைகளையோ நினைவுப் பொருளாக இந்தியாவுக்குக் கொண்டுவருவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பெருவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கேட்கப்படுகிறது. புனிதப் பள்ளத்தாக்கில் அந்த நோய்க்கு வாய்ப்பில்லை என்றாலும், நாட்டின் அமேசான் பகுதியில் அது இருப்பதால் இந்த விதி. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தனியாக ஆலோசிக்க வேண்டியிருக்கும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். விமானச் சீட்டு எடுத்த கையோடு அங்கே நாள் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.