வாட்டர்ஷெட்: கோடா, நிலமா?

நீலகிரியில் அரசுத் திட்டப் பலகைகள் வாட்டர்ஷெட்டை ‘நீர்வடிப்பகுதி’ என்கின்றன. புவியியல் பாடமோ ‘நீர்ப்பிரிமேடு’ என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது மழைநீர் ஒரே ஓடைக்கோ ஆற்றுக்கோ வடியும் நிலப்பரப்பு, பின்னது அந்தப் பரப்பின் விளிம்பு. ஆங்கிலச் சொல் இரண்டு பொருளையும் சுமப்பதால் வந்த குழப்பம் இது.

இதில் வரும் ‘ஷெட்’ கார் நிறுத்தும் ஷெட் அல்ல. பிரித்தல் என்ற பொருளுள்ள பழைய வினை. ஜெர்மானியர்களின் ‘வாசர்ஷைடே’யை ஒட்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் தலை வகிட்டுக்கும் ஷெட் என்றே பெயர். நம் வகிடும் வகிர்தல், அதாவது பிளத்தல், என்பதிலிருந்து வந்ததுதான். ஆக, இது மலையின் தண்ணீர் வகிடு. பிரிட்டனில் சொல் அந்தக் கோட்டோடு நின்றுவிட, அமெரிக்காவில் கோடு வளைத்த நிலத்துக்கும் அதே பெயர் ஆனது. நம் திட்டங்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பொருளை.

உயர்ந்த சிகரம்தான் கடலுக்குக் கடல் தண்ணீரைப் பிரிக்கும் என்று நினைக்கத் தோன்றும். தொட்டபெட்டாவைப் (2,637 மீட்டர்) பாருங்கள். வடக்கே வழிந்தால் சீகூர் ஆறு, மோயாறு வழியாகப் பவானி. தெற்கே வழிந்தால் குன்னூர்ப் பக்கமாக அதே பவானி. எந்தப் பக்கம் விழுந்தாலும் காவிரிதான். வங்கக் கடலையும் அரபிக் கடலையும் பிரிக்கும் கோடு மேற்கே, முக்கூர்த்தி (2,554 மீட்டர்) பக்கத்துச் செங்குத்து விளிம்பை ஒட்டிப் போகிறது. பழனி மலையில் கதை வேறு: வடசரிவின் சண்முகநதி அமராவதி வழியாகக் காவிரிக்கு, தென்சரிவின் வராக நதி வைகைக்கு. இரண்டும் கிழக்கே போகிறவையே. அங்கே பிரிவது ஆற்றின் வடிநிலம், கடல் அல்ல.

மாநில எல்லையும் இந்தக் கோட்டை மதிப்பதில்லை. கூடலூர் தமிழ்நாடு, ஆனால் அதன் பாண்டியாறு சாலியாற்றில் கலந்து பேப்பூரில் அரபிக் கடலைச் சேர்கிறது. அட்டப்பாடி கேரளம், அதன் வழியே போகும் பவானி தமிழ்நாட்டுக்கே திரும்புகிறது. நாட்டெல்லையில் இந்தப் பொருத்தமின்மை வம்பாகவே முடியும். அர்ஜென்டினாவும் சிலியும் 1881 ஒப்பந்தத்தில் ‘நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள்’ எல்லை என்று எழுதிக்கொண்டன. தெற்கு ஆண்டிஸில் பல ஆறுகள் சிகர வரிசையை அறுத்துக்கொண்டு மேற்கே போகின்றன; நீர் பிரிவதோ சிகரங்களுக்குக் கிழக்கே. சிகரமா, நீரா என்ற வழக்கு 1902இல் பிரிட்டிஷ் மன்னரின் நடுவர் தீர்ப்பு வரை போயிற்று.

வரைபடத்தில் கோட்டை வரைய, 1:50,000 தாளில் உங்கள் ஓடை ஆற்றில் சேரும் இடத்திலிருந்து தொடங்கி ஒரு கரையில் மேலே ஏறுங்கள். 20 மீட்டர் உயர இடைவெளியுள்ள சமஉயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒவ்வொன்றாகச் செங்குத்தாக வெட்டிப் போக வேண்டும். சமஉயரக் கோட்டின் கூர்முனை மேட்டை நோக்கினால் அது ஓடைப்பள்ளம், இறக்கத்தை நோக்கினால் முகடு; முகட்டிலேயே போய், மறுகரை வழியாகத் தொடங்கிய இடத்துக்கே இறங்குங்கள். நடுவில் எந்த ஓடையையும் கடந்திருந்தால் வரைந்தது தவறு. சிகரங்களை ஸ்கேல் வைத்து இணைப்பதுதான் வழக்கமான பிழை.

மேல் நீலகிரியில் சிக்கல் கூடுதல். புல்வெளி மேடுகளுக்கு இடையே கிடக்கும் சதுப்பில் ஏற்ற இறக்கம் 20 மீட்டருக்குள் அடங்கிவிடும்; தாளில் ஒன்றும் தெரியாது. நேரில் லெவல் கருவி வைத்துப் பார்ப்பதே வழி. செயற்கைக்கோள் உயரத் தரவும் ஏமாற்றும்: சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம் என்பதோடு, சோலையும் தைலமரத் தோப்பும் உள்ள இடத்தில் தரைக்குப் பதில் மர உச்சியை ஒட்டிய உயரத்தையே அது பதிவு செய்திருக்கும். தோப்பு அங்கே போலி முகடாகிவிடும். முகட்டை அறுத்துப் போகும் சாலையின் பக்க வாய்க்காலும் இந்தப் பள்ளத்து மழைநீரை அடுத்த பள்ளத்துக்குத் தள்ளிவிடும். அதை எந்தத் தாளும் காட்டாது.

ஆகவே கோட்டைச் சொல்லும்போது நீர்ப்பிரிமேடு. சதுப்பில் மேடே இராது என்பதால், வரைபட வேலைக்கு நீர்ப்பிரிகோடு இன்னும் பொருந்தும். நிலத்தைச் சொல்லும்போது நீர்வடிப்பகுதி. அணைக்குத் தண்ணீர் தரும் பரப்புக்கு நாளிதழ்கள் எழுதும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யே போதும். பேராறு ஒன்றின் மொத்தப் பரப்புக்கு வடிநிலம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுரங்கம் வெட்டினால் நீர்ப்பிரிகோடு நகராது, தண்ணீர்தான் தாண்டும். 1895 முதல் பெரியாற்று நீர் வைகைக்கு வருகிறது. ஆனாலும் தேக்கடி இன்றும் பெரியாற்று வடிநிலம்தான்.