எலும்பு கூடிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை

மகனின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவர் அந்த அம்மா. வயது 66. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும் முதுகில் சுரீரென்று ஒரு வலி. கீழே விழக்கூட இல்லை. எக்ஸ்ரேயில் எல்1 முள்ளெலும்பு, அதாவது கீழ்முதுகின் முதல் எலும்பு, நசுங்கியிருந்தது. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) உள்ளவர்களுக்கு இவ்வளவு சின்னக் குலுக்கலே போதும்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் வந்தார். கையில் பழைய சீட்டு. டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, ஐந்து நாளைக்கு என்று எழுதியிருந்தது. அதையே காட்டி மகன் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா துடிப்பதைப் பார்க்க முடியாத பிள்ளை அவர். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மாத்திரையை நிறுத்தினா வலி திரும்பிடுது டாக்டர். எலும்பு இன்னும் கூடலை போல" என்றார் அந்த அம்மா.

புது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எலும்பு கூடியிருந்தது. நசுங்கிய எலும்பு பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் உறுதியாகிவிடும். சரி, நிறுத்தும்போது வேறென்ன செய்கிறது என்று கேட்டேன். வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். முறிவு வலியில் மூக்கு ஒழுகாது. டிராமடால் மார்பினைப் போலவே ஓபியாய்டு வகை, அதாவது அபின் போன்று வேலை செய்யும் வலி மருந்து. பழகிய உடம்பு அது கிடைக்காமல் தவிக்கிறது.

இந்தியாவில் 2018 முதல் டிராமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது என்றதும் மகன் ஆடிப்போனார். அம்மா போதைக்காகச் சாப்பிடவில்லை. ஆனால் தினமும் சில வாரம் விடாமல் சாப்பிட்டால் யார் உடம்பும் பழகிவிடும்.

முறிவு ஏற்பட்ட முதல் சில நாட்களின் வலி கொடுமையானது. அப்போது நானும் இதே மாத்திரையை எழுதுகிறேன், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து. நீண்டால் மலச்சிக்கல் வரும். முக்கினால் முதுகு இன்னும் வலிக்கும். தலைசுற்றி விழுந்தால் இன்னொரு எலும்பு போகும்.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது வேறொன்று. எட்டு மாதமாக வலிக்கு மட்டும்தான் மருந்து. எலும்புக்கு எதுவுமே இல்லை. ஒரு முள்ளெலும்பு நசுங்கினால் அடுத்ததும் நசுங்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, வைட்டமின் டி குறையைச் சரிசெய்து, எலும்பு தேய்வதைத் தடுக்க ஆண்டுக்கு ஒருமுறை போடும் சோலெட்ரானிக் அமில ஊசியைத் தொடங்கினோம். அப்புறம் முதுகுத் தசைக்கான பயிற்சி.

இப்படிப் பழகியவர்கள் மாத்திரையைத் தாங்களாகவே சட்டென நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதுகெலும்பு நசுங்கியவர்களுக்குக் கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த அம்மா இப்போது இரவில் ஒரு மாத்திரையோடு இருக்கிறார். மகன்தான் நாள்காட்டியில் குறித்துவைத்து எடுத்துக் கொடுக்கிறார்.