இன்டர்வல் என்பதற்குக் ‘கால அளவு’

தரவுத்தளப் பாடத்தைத் தமிழில் தருகிறோம் என்று கிளம்பியவர்கள் ‘இன்டர்வல்’ (இத்தனை நாள், இத்தனை மணி என்று காலத்தின் நீளத்தைக் குறிக்கும் தரவு வகை) வருகிற இடமெல்லாம் ‘இடைவேளை’ என்று போட்டு வைக்கிறார்கள். ‘இரு தேதிகளுக்கு இடையிலான இடைவேளையைக் கணக்கிடுக’ என்று படித்தால், டவுன் தியேட்டரில் முறுக்கு வாங்க எழுந்து போகிற பத்து நிமிடம்தான் திருநெல்வேலிக்காரருக்கு ஞாபகம் வரும்.

சொல் லத்தீன். இன்டர் என்றால் இடையே, வல்லம் என்றால் கோட்டை மதில். இரண்டு மதில்களுக்கு நடுவில் கிடக்கும் வெளி. நாடகக் கொட்டகையில் அதுவே ஓய்வு நேரமாயிற்று.

இடைவேளையைத் தள்ளிவிடுவது சுலபம். வம்பு ‘இடைவெளி’யோடுதான். மூலத்துக்கு நேர்பொருள் அதுதானே என்று அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் நம் கணிதப் பாடநூல்களில் மூடிய இடைவெளி, திறந்த இடைவெளி என்று படித்திருக்கிறோம். அங்கே இரண்டு முனையும் தெரிந்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இன்டர்வலுக்கு முனையே கிடையாது. ‘15 நாள்’ என்பது எந்தத் தேதியிலும் தொடங்காது, எதிலும் முடியாது, வெறும் நீளம். முனைகளோடு கூடியதற்கு அங்கே ‘டேட்ரேஞ்ச்’ என்று தனி வகையே இருக்கிறது. இடைவெளி என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொண்டால் பொருந்தும். இன்டர்வலுக்கும் அதையே கொடுத்துவிட்டால், ரேஞ்ச் வரும்போது ‘வீச்சு’ என்று தேடி ஓட வேண்டியதுதான். வீச்சு புள்ளியியலில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

‘தவணை’ நல்ல கடைத்தெருச் சொல். ஆனால் கட்ட வேண்டிய கடன் ஒன்று அதன் பின்னால் நிற்கும். ‘கெடு’ என்பது முடிகிற தேதி, நீளமல்ல. ஆகவே கால அளவு. பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் இதைச் சேமிக்கும் புலத்தின் (அட்டவணையின் ஒரு பத்தியின்) பெயரே ‘டியூரேஷன்ஃபீல்டு’. அதற்கும் இதே சொல் சரியாக உட்காருகிறது.

சொல் தவறினால் கணக்கும் தவறுகிறது என்பதுதான் இதில் முக்கியம். நூலக அட்டவணையில் புத்தகம் எடுத்த தேதி இருக்கிறது, கடன் 15 நாள். ஓ.ஆர்.எம். (நிரலிலிருந்தே தரவுத்தளத்தோடு பேச ஜாங்கோ தரும் கருவி) வழியாக அந்தத் தேதிப் புலத்தோடு பைத்தானின் டைம்டெல்டாவை, அதாவது கால அளவைத் தாங்கும் அதன் வகையை, கூட்டினால் திருப்ப வேண்டிய தேதி வந்துவிடும். விளைவு எந்த வகை என்பதை ‘அவுட்புட்_ஃபீல்டு’ மூலம் சொல்லிவிடுவது நல்லது. தாமதமானவற்றை வடிகட்டும்போது ‘எடுத்த தேதி கூட்டல் 15, இன்றைக்கு முன்’ என்று எழுதாமல், ‘எடுத்த தேதி, இன்று குறை 15-க்கு முன்’ என்று எழுதுங்கள். புலத்தின் மேல் கணக்கு ஏறிவிட்டால் அந்தப் புலத்துக்கான சாதாரண இன்டெக்ஸ் (வேகமாகத் தேடத் தரவுத்தளம் வைத்திருக்கும் பட்டியல்) உதவாது.

மாதம் வந்தால்தான் தகராறு. டைம்டெல்டா உள்ளே வைத்திருப்பது நாள், விநாடி, மைக்ரோவிநாடி மட்டும், மாதம் இல்லை. 2024 ஜனவரி 31-உடன் 30 நாள் கூட்டினால் மார்ச் 1. போஸ்ட்கிரெஸில் ‘1 மாதம்’ கூட்டினால் பிப்ரவரி 29. அதனோடு மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29. ஒரே தடவையில் 2 மாதம் கூட்டினாலோ மார்ச் 31. அதே போஸ்ட்கிரெஸிடம் 1 மாதமும் 30 நாளும் சமமா என்று கேட்டால் ஆமாம் என்கிறது. 29 முதல் 32 நாள் வரை மாதம் நீளுகிற பஞ்சாங்கத்தோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இரண்டு தேதிகளை நேராகக் கழித்தால் இன்னும் வேடிக்கை: 2024 மார்ச் 1-இலிருந்து பிப்ரவரி 28 போனால் 73 என்று வரும். 20240301-இலிருந்து 20240228-ஐ எண்ணாகவே கழித்துவிடுகிறது. நாள் வித்தியாசத்தைத் தரும் ‘டேட்டிஃப்’ என்ற கட்டளையைப் போட்டால்தான் 2.

‘கழித்தல்’ என்ற சொல்லையும் இங்கே பார்த்துத்தான் புழங்க வேண்டும். ‘பதினஞ்சு நாள் கழிச்சு வாரும்’ என்றால் தேதியோடு 15 கூட்ட வேண்டும். ‘தேதியில் 15 நாளைக் கழி’ என்றால் பின்னால் போக வேண்டும். பேச்சில் யாருக்கும் தடுமாற்றமில்லை. நிரல் குறிப்பில் ‘இன்றிலிருந்து 15 நாள் கழித்த தேதி’ என்று எழுதினால் கூட்டல் குறியா, கழித்தல் குறியா? ‘15 நாளுக்குப் பிந்தைய தேதி’, ‘15 நாளுக்கு முந்தைய தேதி’ என்று எழுதினால் தீர்ந்தது.

தேதி வடசொல் என்று அதை விரட்டி ‘நாள்’ போடுகிறவர்களிடமும் ஒரு கேள்வி: ‘நாளோடு நாளைக் கூட்டுக’ என்ற வரியில் எது தேதி, எது எண்ணிக்கை? தனித்தமிழ் வேண்டியதுதான், இரண்டு பொருளை ஒரே சொல்லில் திணிப்பதற்குப் பெயர் தனித்தமிழ் அல்ல. டைம்டெல்டாவை ‘நேரக் கழிமுகம்’ ஆக்கித் தாமிரபரணியைப் புன்னைக்காயலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு: அந்த டெல்டா ஆற்றுடையது அல்ல, கணிதத்தில் வித்தியாசத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து. அதுவும் நிரலில் ஒரு வகுப்பின் (கிளாஸ்) பெயர். மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். அது தாங்கும் பொருளுக்கு மட்டும் கால அளவு என்று எழுதினால் போதும்.