வெள்ளைக்குள் மறையும் துருவ மேகம்

ஜனவரி அதிகாலையில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பள்ளத்துத் தேயிலை கருகிப்போகும். சற்று மேட்டில் நிற்கும் செடிகள் தப்பிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உயரே போகப் போகக் குளிர் கூடும் என்ற வழக்கமான கணக்கு அந்தச் சில மணி நேரம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகும். துருவங்களின் குளிர்காலத்தில் வெயிலே இல்லை. பனிப்பரப்பு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்க, மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக நிற்கிறது.

துருவங்களில் மேகத்தை அடையாளம் காண முயலும் செயற்கைக்கோளைத் திணறடிப்பது இதுதான். நம் பகுதியின் வானிலைப் படங்களில், நிலத்தைவிட வெண்மையாகவும் குளிராகவும் தெரிந்தால் பெரும்பாலும் மேகம். ஆர்க்டிக்கிலோ தரையும் வெண்மை. குளிரிலும் பல வேளைகளில் அது மேகத்தை மிஞ்சிவிடும். 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி ஓரளவு கைகொடுக்கும்: நீர்த்துளி மேகம் அதைத் திருப்பி அனுப்பும், பனிப்பரப்பு விழுங்கிவிடும். மேகமே பனித்துகள்களால் ஆனது என்றால் இந்த வேறுபாடும் மங்கிப்போகும்.

நிறத்தை விட்டுக் கோணத்தைப் பிடித்த தீர்வுதான் எனக்குப் பிடித்தது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் மிஸர் என்றொரு கருவி உண்டு. அதில் 9 கேமராக்கள்: ஒன்று நேர்கீழே, நான்கு முன்னோக்கி, நான்கு பின்னோக்கி. ஒரே இடத்தை ஒன்பதும் சுமார் 7 நிமிடத்துக்குள் படமெடுத்துவிடும். குன்னூர் சாலையில் பஸ் போகும்போது பக்கத்துச் சில்வர் ஓக் மரம் விலகி ஓட, எதிர்மலை அசையாமல் நிற்குமே, அதேபோல் இந்தப் படங்களைத் தரையோடு பொருத்தினால் மேகம் மட்டும் இடம் மாறித் தெரியும்.

தாவோ ஷி, பின் யூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முறை இதைத் திருப்பிப் போட்டது: மேகத்தைத் தேடாமல், மேகமற்ற தரையைத் தேடியது. படங்கள் ஒத்துப்போனால் தரை. ஆனால் தாழ்ந்த மேகம் படங்களில் அதிகம் இடம் மாறித் தெரியாது. வழவழப்பான பனியிலோ ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடையாளமும் இராது. ஆகவே பரப்பின் சொரசொரப்பையும், மேகம் ஒளியை முன்பக்கமாகவே அதிகம் சிதறடிக்கும் குணத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நிபுணர்கள் கையால் குறித்துவைத்த பிக்சல்களுடன் முடிவு சுமார் 92 சதவீதம் ஒத்துப்போனது. அந்த நிபுணர்களே கால்பங்குக்கும் மேலான பிக்சல்களில் மேகமா பனியா என்று சொல்லத் துணியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மிஸருக்கு வெயில் தேவை. நீண்ட துருவ இரவில் அதற்கு வேலையில்லை. 2006இல் ஏவப்பட்ட காலிப்ஸோ செயற்கைக்கோள் தானே லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு இருட்டிலும் மேகத்தின் உயரத்தை அளந்தது. ஆனால் அது பார்த்ததெல்லாம் தன் பாதைக்கு நேர்கீழே ஒரு மெல்லிய கோட்டை மட்டுமே.