ஓடிபி ஒருவர் போனில் மட்டும் இருந்தால்

சின்ன நிறுவனங்களுக்கு ஐடி வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், அதில் "அக்கா, ஓடிபி வந்துச்சா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இணையதளம் நின்றுபோனது. டொமைனை, அதாவது இணையதள முகவரியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த கார்டு காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் நாலு பேரிடம் இருந்தது. அதோடு சேர்த்துக் கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலியோ கணக்குப் பிரிவுப் பெண்ணின் போனில் மட்டும்; அவர் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார், அன்று மதியம்தான் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவருடைய தம்பி எண்ணை வாசிக்க, நான் இங்கே தட்டி முடிப்பதற்குள் அது மாறிவிட, மூன்றாவது தடவைதான் உள்ளே போக முடிந்தது. அந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இதற்கு அவசியமே இல்லை. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது திரையில் ஒரு கியூஆர் வரும் இல்லையா, அதற்குள் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. செயலி அந்தச் சரத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 வினாடிக்கு ஒரு எண்ணைக் காட்டுகிறது. இணைய இணைப்புகூட வேண்டாம். அதே சரம் எந்தக் கருவியில் இருந்தாலும் அதே எண்தான் வரும். (கருவியின் கடிகாரம் ஓரிரு நிமிடம் தள்ளிப் போயிருந்தால் எண் செல்லாது. "கோடு தப்புன்னு சொல்லுது" என்று யாராவது அழைத்தால் நான் முதலில் நேரத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.)

கியூஆருக்குப் பக்கத்தில், ஸ்கேன் செய்ய முடியவில்லையா என்று கேட்கும் ஒரு இணைப்பு பெரும்பாலும் இருக்கும். அதைத் தட்டினால் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான எண்களும் கலந்த சரம் வரும். அதை பாஸ்வேர்ட் மேனேஜரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலியில், குழுவினர் பகிர்ந்துகொள்ளும் பகுதியில், அந்த லாகினுக்குள்ளேயே போடுங்கள். பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் இரண்டிலும் அதற்கென்று இடம் உண்டு. யாருக்கு வேலையோ அவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதியைத் திறந்துவிட்டால் போதும். கியூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆறு இலக்க எண் வெளியே போனால் சற்று நேரத்தில் செத்துவிடும், கியூஆர் படம் நீங்கள் மாற்றும்வரை உயிரோடு இருக்கும்.

பாஸ்வேர்டும் ஓடிபியும் ஒரே இடத்திலா என்று கேட்பீர்கள். நியாயமான பயம். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை வைத்து நுழையப் பார்ப்பவரை இது அப்போதும் தடுக்கும். ஆனால் மேனேஜரே ஒருவர் கையில் சிக்கினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதனால் மேனேஜருக்குள் நுழைவதற்கான இரண்டாம் பூட்டு அதற்கு வெளியே, ஒவ்வொருவரின் சொந்தப் போனிலோ யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியிலோ இருக்க வேண்டும். அப்புறம், ஆளுக்கொரு லாகின் தரும் சேவையில் பகிரவே பகிராதீர்கள். அமேசான் கிளவுடின் ரூட் கணக்கில், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள முதன்மைக் கணக்கில்கூட, 2022 முதல் எட்டுக் கருவிகள் வரை பதிந்துகொள்ளலாம், சரத்தைப் பகிர வேண்டியதில்லை. வங்கி ஓடிபி பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில் வருவது, அதை மேனேஜருக்குள் கொண்டுவர முடியாது. எஸ்எம்எஸ்ஸை வேறு போனுக்கு அனுப்பும் செயலிகளைப் போட்டு வழி தேடாதீர்கள், மேக்கர் (பணப் பரிமாற்றத்தைப் பதிபவர்), செக்கர் (அதைச் சரிபார்த்து அனுமதிப்பவர்) என்று தனித்தனி ஆட்களைப் பதிய வங்கியிடம் கேளுங்கள்.

போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோடுகளையும் மேனேஜரிலேயே வைக்கலாம். கூகுள் தரும் பத்தில் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், எடுத்தவர் உடனே அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் அவசரத்தில் செத்துப்போன கோடைத் தட்டிக்கொண்டிருப்பார்.

எல்லாரும் தவறவிடுவது வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில். மேனேஜரிலிருந்து அவர் பெயரை நீக்கினால் முடிந்தது என்று நினைக்கிறோம். சரத்தை அவர் எப்போதோ தன் போனில் போட்டிருந்தால் அங்கே எண் வந்துகொண்டேதான் இருக்கும், அவருக்கே அது நினைவில் இல்லாமலும் இருக்கலாம். பழைய பதிவை நீக்கி, புது கியூஆர் எடுத்து, பாஸ்வேர்டையும் மாற்றி, திறந்திருக்கும் லாகின்களை எல்லாம் வெளியேற்ற வேண்டும். நான் பார்க்கும் அந்த அலுவலகத்தில் இப்போது ரிலீவிங் படிவத்தில் லேப்டாப், ஐடி கார்டுக்குக் கீழே இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த அந்தப் பெண்தான் அதில் கையெழுத்துப் போடுகிறார்.