கறுப்புத் திரை வந்தால் ஃபார்மேட் அடிக்க வேண்டாம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பழைய கம்ப்யூட்டர் உள்ள பல வீடுகளில், விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸின் டிவிடி ஒன்று கிடக்கும். பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கக் கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பிறகு லினக்ஸுக்கு மாறியது. தமிழ் வழியில் படிக்கிற நம் பிள்ளைகளும் எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வை லினக்ஸில்தான் எழுதுகிறார்கள். அதனால் விண்டோஸ் எழாத நாளில் அந்த டிவிடியைப் போட்டுப் பார்ப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் டெஸ்க்டாப் வராமல் திரை கறுப்பாக நின்றால் உடனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "டிஸ்ப்ளே வரலீங்ணா, ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துருங்க."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. கல்யாண போட்டோ, நிலப் பத்திரத்தின் ஸ்கேன், இறந்துபோன பாட்டியின் குரல் பதிவு எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. டிவிடியில் டெஸ்க்டாப் வராததற்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வேறெங்கோ கொடுத்து ஃபார்மேட் அடித்த பிறகு, "போட்டோவ மட்டும் எடுக்க முடியுமா?" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. மேலே புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டால் பெரும்பாலும் கை விரிக்க வேண்டியதுதான்.

இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் இந்த லைவ் டிவிடியில் எல்லாம் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் முதலில் எழுந்து, தேவையானதை டிவிடியிலிருந்து படித்து ரேமில் வைத்துக்கொண்டு ஓடும். டெஸ்க்டாப் கடைசியாக வருவது. அது வராவிட்டாலும் அடியில் சிஸ்டம் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீங்களாக இன்ஸ்டால் கொடுத்தால் ஒழிய ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் அழியாது.

திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். எழுத்தில் 'லாகின்' என்று கேட்டு நின்றால், கையில் இருப்பது சர்வர் டிவிடியா என்று உறையைப் பாருங்கள். அதில் டெஸ்க்டாப்பே கிடையாது, தேடிப் பயனில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் மானிட்டர் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகியிருந்தாலும் திரை கறுப்புதான். இதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

என்னிடம் வருகிறவற்றில் அதிகம் கிராஃபிக்ஸ் கோளாறுதான். லோகோ வரை வந்துவிட்டு அப்படியே கறுத்துப்போகும். கெர்னல் தானே திரையின் அளவைத் தீர்மானிக்கப் பார்க்கும். சில பழைய சிப்களிலும், லினக்ஸில் அவற்றை இயக்கும் நூவோ டிரைவரோடு ஒத்துப்போகாத சில என்விடியா கார்டுகளிலும் அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் டிவிடியில் முதல் மெனுவிலேயே 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தாலே பல மெஷின்கள் எழுந்துவிடும். அந்த வரி இல்லாத டிவிடியானால், தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் 'ஈ' (e) விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' (quiet splash) என்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'நோமோட்செட்' (nomodeset) என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து எஃப்10 கொடுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை. திரை கொஞ்சம் பெரிதாக, மெதுவாகத் தெரியும். போட்டோவை நகலெடுக்க அது போதும்.

அப்படியும் வரவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது. பெயர் கேட்டால் உபுண்டு லைவில் 'உபுண்டு' (ubuntu), பாஸ்வேர்டு இல்லாமல் வெறும் எண்டர். இன்னொரு வகையான டெபியன் லைவில் 'யூசர்' (user), பாஸ்வேர்டு 'லைவ்' (live). 'ஃப்ரீ' (free) என்று அடித்தால் ரேம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். உபுண்டு 24.04க்கு 4 ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்கள். 2 ஜிபி மெஷினில் அது திணறினால் டிவிடியைக் குறை சொல்ல முடியாது. அதற்கு லுபுண்டு மாதிரி லேசானதுதான் சரி. ரேம் போதுமானதாக இருந்தால், டெஸ்க்டாப்பை மறுபடி தொடங்க 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்' (sudo systemctl restart display-manager) அடித்துப் பாருங்கள்.

சில நேரம் குற்றம் டிவிடி மேலேயே இருக்கும். திரையில் 'எஸ்ஆர்0' (sr0) என்ற பெயரோடு ஐஓ எரர் (I/O error), அல்லது 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' (SQUASHFS error) என்று வரிசையாக ஓடினால், டிரைவால் வட்டைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். கீறலாக இருக்கலாம், லென்ஸில் தூசியாக இருக்கலாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று அடிக்கிற நம் ஊரில் டிரைவுக்குள் தூசி புகாமல் எப்படி இருக்கும்? உபுண்டு 20.04 தொடங்கும்போது தானே வட்டைச் சோதிக்கும். பொறுமையில்லாமல் கன்ட்ரோல் சி அழுத்தி அதை நிறுத்திவிடாதீர்கள். புதிதாக எழுதுவதானால் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். உபுண்டு 24.04இன் ஐஎஸ்ஓ, அதாவது வட்டில் எழுதும் கோப்பு, சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது, அதற்குப் பென் டிரைவ்தான்.

டெஸ்க்டாப் கடைசி வரை வராவிட்டாலும் கோப்புகளை எடுக்கலாம். எழுத்துத் திரையில் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) அடித்தால் ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள் அளவோடு தெரியும். பெரியதுதான் பெரும்பாலும் உங்கள் கோப்புகள் உள்ள பகுதி. அதை மவுண்ட் செய்யும்போது, அதாவது சிஸ்டத்தோடு இணைக்கும்போது, 'மைனஸ் ஓ ஆர்ஓ' (-o ro) சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டும் திறக்கும், தவறிக்கூட எதையும் எழுதாது. காலியான பென் டிரைவை இன்னொரு இடத்தில் மவுண்ட் செய்து, 'சிபி மைனஸ் ஆர்' (cp -r) கொடுத்து முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். முடிந்ததும் 'சிங்க்' (sync) அடியுங்கள். அடுத்த வரியில் டாலர் குறி திரும்ப வந்த பிறகு பென் டிரைவை அன்மவுண்ட் செய்து உருவுங்கள். அதற்கு முன் உருவினால் பாதிப் போட்டோ திறக்காது.